முப்பது எழுத்துகள் வரைந்த பிறகு என்ன செய்வது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். வடிவமைப்புக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறீர்கள். தேர்தல் காலத்தில் உங்கள் ஊர்ச் சுவர்களில் தூரிகையால் எழுதப்படும் தடித்த எழுத்துகளைப் பார்த்து வளர்ந்ததால், அந்தச் சாயலில் தலைப்புகளுக்கென்று ஒரு தமிழ் எழுத்துருவைத் தொடங்கி, உயிர் 12, அகரமேறிய மெய் 18 என முப்பது எழுத்துகளை வரைந்து முடித்திருக்கிறீர்கள். கையில் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. இதை முடிக்க முடியுமா, ஆங்கில எழுத்துகளையும் சேர்க்க வேண்டுமா, முடித்தபின் எப்படிப் பரப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படித்தபோது, பெயர் தெரியாத ஒரு மாணவி வரைந்த எழுத்தை முன்பின் அறியாத ஒருவர் தம் வேலைக்கு எடுத்துக்கொள்வாரா என்பதே உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் பட்டது. எடுத்துக்கொள்வார். அவர் தட்டச்சு செய்யும் எந்தத் தமிழ்ச் சொல்லும் உடையாமல், பிசிறாமல் வர வேண்டும் என்பது ஒன்றே அதற்கு நிபந்தனை. வரைவதைப் பற்றியும் பரப்புவதைப் பற்றியும் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த நிபந்தனையிலிருந்துதான் பிறக்கிறது.

நான் பதினேழு ஆண்டுகளாகத் தமிழ் எழுத்துருக்களை வரைந்தும் பிறர் வரைந்தவற்றைத் திருத்தியும் வருகிறேன். இடையில் சில ஆண்டுகள் மாணவர்களின் திட்டங்களை மதிப்பிடும் வாய்ப்பும் கிடைத்தது. வடிவம், தொழில்நுட்பம் ஆகியவை பற்றிச் சொல்வதை உறுதியோடு சொல்கிறேன். உரிமம், சட்டம் ஆகியவை பற்றிச் சொல்பவை தொழில் செய்ய நேர்ந்ததால் கற்றுக்கொண்டவை. நான் வழக்கறிஞர் அல்லன். எது மக்களிடம் போய்ச் சேரும் என்பது பற்றிச் சொல்பவை என் கருத்துகள் மட்டுமே.

முதலில் அளவைப் பார்ப்போம். நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் என்பதை நினைத்தே பலர் மலைத்துப் போகிறார்கள். தனித்தனியே வரைய வேண்டியவை அவ்வளவு இல்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார வரிசைகளில் 36, டி, டீ என்ற இரண்டு, கால், விலங்கு, சுழி விலங்கு, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு என்ற ஆறு குறிகள், ஒரு புள்ளி. கூட்டினால் 76. ஔகாரத்தின் வலப்பகுதிக்கு ளகர வடிவமே போதும் என்பதால், இந்த 76 வடிவங்களைக் கொண்டு 247 எழுத்துகளையும் கட்டிவிடலாம். இவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவையும், ஜூ, ஸு போன்றவற்றுக்கான தனி உகர ஊகாரக் குறிகளும் வேண்டும். கிரந்த எழுத்துகளைத் தவிர்ப்பது உங்கள் கொள்கையாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் எழுத்துருவில் ஒரு கடைக்காரர் ‘ஜூஸ்’ என்று எழுத முயலும்போது அந்த இடத்தில் வேறோர் எழுத்துரு வந்து ஒட்டிக்கொண்டால், அவர் அதை மறுபடி திறக்க மாட்டார். எண்கள், நிறுத்தக்குறிகள், ரூபாய்க் குறி ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 120 வடிவங்கள் ஆகும். ஒரே ஒரு கனத்தில் என்றால் ஐந்து மாதங்களில் இது முடியக்கூடிய வேலை. மெலிது, நடுத்தரம், தடிப்பு என்று மூன்று கனங்களைத் திட்டத்தில் எழுதியிருந்தால், இப்போதே இரண்டை அடித்துவிடுங்கள்.

நெடுங்கணக்கு வரிசையில் வரைந்துகொண்டு வந்தது எல்லோரும் செய்யும் தவறு; என் முதல் எழுத்துருவில் நானும் அதையே செய்தேன். முப்பதையும் வரைந்து முடித்துப் பூரிப்போடு உகர வரிசைக்குப் போனபோது, ட, ம, ழ ஆகிய மூன்றுக்கும் கீழே சுற்றி வருவதற்கு இடமே விட்டுவைக்காதது தெரிந்தது. உகரம் மூன்று குடும்பங்களாகப் பிரிகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறும் உடலையே வளைத்துச் சுற்றிக்கொண்டு வருபவை; ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்தும் கோட்டைக் கீழே இறக்குபவை; ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழும் வலப்புறம் கீழே மடிந்து மேலே எழுபவை. கூ இவை எதிலும் சேராமல் தனியே நிற்கும். தாய் எழுத்தின் அகலத்தையும் அடிக்கோட்டின் உயரத்தையும் தீர்மானிப்பவை இந்தப் பிள்ளைகள்தான். அதனால் இப்போது செய்ய வேண்டியது, வரைந்த முப்பதிலிருந்து ப, ட, க, ண, ழ, ஞ, இ என்ற ஏழை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றோடு மு, பு, து, கூ, கி, புள்ளி, கால், கொம்பு ஆகியவற்றை வரைந்து பார்ப்பது. இந்தப் பதினைந்தும் ஒரே குடும்பமாகத் தெரியும் வரை மற்றவற்றைத் தொட வேண்டாம். தெரிந்தபின் மீதமுள்ளவை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாக வரும்.

கனத்தை எங்கிருந்து முடிவு செய்வது என்பதில் எனக்கு ஐயமே இல்லை: மூன்று சுழி ண-விலிருந்துதான். தடித்த தலைப்பு எழுத்து என்றவுடன் கை தானாக ட, ப ஆகியவற்றைத்தான் முதலில் வரையும், ஏனென்றால் அவை எவ்வளவு கருப்பையும் தாங்கும். அந்தக் கனத்தை அப்படியே ண-வுக்குக் கொண்டுபோனால் சுழிகளின் உள்வெளி அடைத்துக்கொண்டு, ண எது, ன எது என்று தெரியாத கரிய கட்டியாகிவிடும். ணூ-வும் ஞூ-வும் அதைவிட மோசமாகும். கைப்பேசித் திரையில் சுவரொட்டியின் சிறு படமாகப் பார்க்கும்போதும் ண-வின் மூன்று சுழிகளும் எண்ணத் தெரிகின்ற அதிகபட்சக் கனம் எதுவோ, அதுவே உங்கள் எழுத்துருவின் கனம். ஒரே எழுத்துக்குள் வெளிக்கோடு தடித்தும் உட்சுழி சற்று மெலிந்தும் இருக்கலாம். அளவுகோலில் வேறுபட்டாலும் கண்ணுக்கு ஒன்றாகவே படும். ட-வுக்குச் சிக்கல் எதிர்த்திசையில் இருக்கிறது. அதன் வலப்பக்க மேல்பகுதி வெறுமையாகக் கிடப்பதால் ‘பட்டம்’, ‘கூட்டம்’ போன்ற சொற்களின் நடுவே ஓட்டை விழுந்ததுபோல் தோன்றும். தலைப்பு எழுத்தில் புள்ளியைச் சற்றுக் கீழே இறக்கி அந்த வெறுமைக்குள் அமர்த்திப் பாருங்கள். நீண்ட பத்திகளுக்கான உடல் எழுத்தில் எடுக்க முடியாத இத்தகைய உரிமைகளை எடுத்துக்கொள்ளத்தானே தலைப்பு எழுத்து இருக்கிறது.

இனிச் சுவரெழுத்துக்கு வருகிறேன். உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொல்லத்தில் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதிலிருந்தே தமிழ் அச்செழுத்தின் வரலாற்றில் பெரும்பங்கு, எழுத்தைச் சிறிதாக்கும் முயற்சியாகவே இருந்திருக்கிறது. தரங்கம்பாடி அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட எழுத்துகள் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியிருந்தது. புத்தகத்துக்கும் செய்தித்தாளுக்கும் வேண்டிய சிறிய எழுத்து இப்படிப் படிப்படியாகச் செம்மைப்பட்டது. பெரிய எழுத்தோ, கடைப் பலகை, சுவர், திரைப்படத் தலைப்பு, வார இதழ்க் கதைத் தலைப்பு என்று பெரும்பாலும் ஓவியர்களின் கையிலேயே தங்கிவிட்டது. அந்தக் கைகள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் அந்த அறிவை எழுத்துருவுக்குள் கொண்டுவர முயல்வது மதிக்கத்தக்க வேலை என்று மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் ஓவியருக்குத் தாம் எழுதப்போகும் சொல் முன்கூட்டியே தெரியும், எழுத்துருவுக்குத் தெரியாது. ‘வரவேற்பு’ என்று எழுதும் ஓவியர் ரகரத்தின் அடிக்கோட்டை விட்டுவிட்டுக் கால் போலவே வரைந்தாலும் படிப்பவர் தடுமாறுவதில்லை. எழுத்துருவில் ர-வும் காலும் ஒன்றுபோல் இருந்தால் ‘பார’ என்பதும் ‘பரா’ என்பதும் ஒன்றாகிவிடும். ஓவியர் இடத்துக்கு ஏற்பக் கொம்பை நீட்டுவார், வேட்பாளர் பெயரின் கடைசி எழுத்தைச் சுவரின் விளிம்பு வரை இழுத்து நிறுத்துவார். இவற்றை எல்லாம் எழுத்துருவுக்குள் திணிக்க முயன்று தோற்ற திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். தூரிகை தொடங்கும் இடத்தின் சாய்வு, கோடு முடியும் இடத்தின் வெட்டு, எழுத்துகளின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், கீழிறங்கும் கோடுகளைக் குட்டையாக்கி வரிகளை நெருக்கும் சிக்கனம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டாலே சாயல் வந்துவிடும். எடுப்பதற்கு முன் தட்டைத் தூரிகையைக் கையில் பிடித்து ஒரு வாரமாவது நீங்களே எழுதிப் பழகுங்கள். ஒளிப்படத்தின் மேல் கோடிழுத்தால் வெளிவடிவம் மட்டுமே கிடைக்கும். கோடு ஏன் அங்கே திரும்பியது என்பது தெரியாது. குறிப்பிட்ட ஒரே ஓவியரின் கையைத்தான் பின்பற்றுகிறீர்கள் என்றால், அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டு இசைவு பெறுங்கள். எழுத்துருவின் தகவலுக்குள்ளேயே அவர் பெயரைப் பதியுங்கள். பணம் வந்தால் பங்கு கொடுங்கள். சட்டம் இதைக் கோரினாலும் கோராவிட்டாலும் இதுவே முறை என்று நான் கருதுகிறேன்.

உங்கள் திட்ட அறிக்கையில் ஒரு வரியை மட்டும் பார்த்து எழுதுங்கள். ஓலையில் நேர்கோடு இழுத்தால் கிழியும் என்பதால்தான் தமிழ் எழுத்து வட்டமாயிற்று என்று ஏறக்குறைய எல்லா மாணவர்களும் எழுதுகிறார்கள். ஓலையும் எழுத்தாணியும் எழுத்தைப் பாதித்தன என்பதில் ஐயமில்லை. பெரும்பாலான ஓலைகளில் புள்ளி இடப்படாததும் உண்மை. ஆனால் அதே ஓலையில்தான் ட, ப, ம, ய ஆகியவை நேர்கோடுகளோடு வாழ்ந்தன. வட்டத்துக்கு அது ஒன்றே காரணம் என்பது எளிதில் நிறுவ முடியாத கூற்று. ‘ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. மாறாக, உறுதியாகத் தெரிந்த ஒரு மாற்றத்தை நீங்கள் வடிவத்திலேயே பயன்படுத்திக்கொள்ளலாம். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய 13 எழுத்துகள் இன்றைய வடிவத்தைப் பெற்றன. அதற்கு முன்பு யானையின் துதிக்கைபோல வளைந்த கொம்போடு எழுதப்பட்ட லை, னை முதலியவை தலைப்பில் மிக அழகாக அமையும். அவற்றை மாற்று வடிவங்களாக எழுத்துருவுக்குள் வையுங்கள், விரும்புபவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். இயல்பாக வருபவை இன்றைய வடிவங்களாகவே இருக்கட்டும்.

தொழில்நுட்பத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தவறவிட முடியாதவை சில உண்டு. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது செயலியின் எழுத்தமைப்புப் பொறி. ககரமும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ என்ற தனி வடிவத்தை எடு, புள்ளியை இன்ன எழுத்தின் இன்ன இடத்தில் வை என்று எழுத்துருவுக்குள்ளேயே சொல்லிவைக்கும் ஓபன்டைப் விதிகளை எழுதுவது உங்கள் பொறுப்பு. மேக் கணினி இருந்தால் கிளிஃப்ஸ் மென்பொருள் இவற்றில் பலவற்றைத் தானே எழுதிக்கொடுக்கும். இல்லையென்றால் இலவசமான ஃபான்ட்ஃபோர்ஜ் போதும், கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். தாரிக் அஸீஸின் ‘கவிவனார்’, பிரியா ரவிச்சந்திரனின் ‘கட்டமரன்’, ஏக் டைப் குழுவினரின் ‘பலூ தம்பி’ போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைத் திறந்து, விதிகளை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று படித்துக் கற்றுக்கொள்ளுங்கள். வடிவத்தையோ விதிக் கோப்பையோ அப்படியே எடுத்துக்கொண்டால் அவற்றின் உரிமம் உங்கள் எழுத்துருவையும் கட்டுப்படுத்தும் என்பதை மறக்க வேண்டாம். ஆண்டிராய்டு கைப்பேசி, விண்டோஸ் கணினி, ஐபோன், வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய நான்கிலும் சோதிக்காமல் வெளியிடாதீர்கள். இல்லஸ்ட்ரேட்டரிலும் ஃபோட்டோஷாப்பிலும் எழுத்துகளைக் கோத்து அமைக்கும் ‘கம்போசர்’ என்ற அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். பயனாளிகள் இதை உங்கள் எழுத்துருவின் பிழை என்றே நினைப்பார்கள். அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கணினித் திரையின் படத்தோடு ஒரு பக்கத்தில் விளக்கி, கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். நான் வெளியிட்ட ஓர் எழுத்துருவுக்கு இந்த ஒரு பக்கத்தைச் சேர்த்தபின் வந்த புகார்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.

உரிமத்தைக் கோப்பு வெளியே போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். திட்டத்தின் உரிமை உங்களுக்கா கல்லூரிக்கா என்பதை முதலில் கல்லூரி விதிகளில் பாருங்கள். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கொடுத்தால் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். எழுத்துருவைத் தனிப்பொருளாக விற்கக் கூடாது, மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை அப்படிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க இயலாது. விற்க விரும்பினால், முழுமையடையாத எழுத்துருக்களையும் வளர வளர விற்க இடம் தரும் ஃபியூச்சர் ஃபான்ட்ஸ் போன்ற தளங்கள் உள்ளன. இந்தியாவில் கணினி நிரல் என்ற முறையில் எழுத்துருக் கோப்புக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. எழுத்தின் வடிவத்துக்கே பாதுகாப்பு உண்டா என்பது அவ்வளவு தெளிவான நிலையில் இல்லை. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், முன்பே வெளியானதைப் பதிவு செய்ய முடியாது என்பதால், இன்ஸ்டாகிராமில் முதல் படத்தை இடும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். என் சொந்தக் கருத்து, முதல் எழுத்துருவைத் திறந்த உரிமத்தில் கொடுப்பது நல்லது. மாணவரின் முதல் எழுத்துரு ஈட்டும் பணம் பொதுவாகச் சிறிது. அது ஊர் முழுவதும் கண்ணில் படுவதன் மதிப்பு பெரிது.

பரப்புவது என்றதும், வடிவமைப்பாளர்கள் தம் வேலைகளைக் காட்டும் பெஹான்ஸ் தளத்தில் போட வேண்டிய பளபளப்பான படங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவையும் வேண்டும், ஆனால் அவற்றைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப்போன்ற வடிவமைப்பாளர்கள். எழுத்துருவை எடுத்துப் பயன்படுத்தப் போகிறவர் நாடகக் குழுவின் சுவரொட்டியை இரவோடு இரவாகச் செய்பவர், சிற்றிதழின் அட்டையைத் தாமே வடிவமைக்கும் ஆசிரியர், ஊர்த் திருவிழாவுக்கு அழைப்பு அடிக்கும் இளைஞர். அவருக்கு அ, ஆ, இ, ஈ வரிசையைக் காட்டிப் பயனில்லை. ‘இன்று மாலை 6 மணிக்கு’, ‘அனுமதி இலவசம்’, ‘அனைவரும் வருக’, ‘கண்ணீர் அஞ்சலி’, ‘புதிய கிளை திறப்பு விழா’ என்று அவர் எழுதப்போகும் சொற்களையே மாதிரித் தாளில் எழுதிக் காட்டுங்கள். ‘கண்ணீர் அஞ்சலி’ உங்கள் எழுத்துருவில் பொருந்தாமல் துள்ளலாகத் தெரிந்தால், இந்த எழுத்துரு எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்றதில்லை என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். அது நம்பிக்கையைக் கூட்டும். வெளியீட்டுக்கு இரண்டு மாதங்கள் முன்பே இப்படிப்பட்ட நான்கைந்து பேரைக் கண்டுபிடித்து, முடியாத நிலையிலேயே கோப்பைக் கொடுத்து, அவர்கள் செய்தவற்றை ஒளிப்படம் எடுத்து வையுங்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத சொற்களை அவர்கள் எழுதுவார்கள். பிழைகள் அங்கேதான் வெளிப்படும். வெளியீட்டு நாளில் காட்ட உண்மையான சுவரொட்டிகளும் உங்களிடம் இருக்கும்.

ஃபிளெக்ஸ் பதாகைக் கடைகளை மட்டும் முதலில் குறிவைக்க வேண்டாம். அவற்றில் பல இன்னும் யூனிகோடுக்கு முந்தைய குறியேற்ற எழுத்துருக்களிலேயே வேலை செய்கின்றன. தட்டச்சுப் பழக்கத்தை மாற்றச் சொல்லி அவர்களை வற்புறுத்த முடியாது. அவர்களுக்காகப் பழைய குறியேற்றத்தில் தனிப் பதிப்பு செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், பயன்பாடு கூடவும் கூடும். ஆனால் இரண்டு கோப்புகளையும் பராமரிக்கும் சுமை ஒரு மாணவிக்கு அதிகம் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்புகளைப் பொதுவில் பகிர உதவும் கிட்ஹப் தளத்தில் பதிப்பு எண்ணோடு வைத்து, பிழை சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து, முதல் மூன்று மாதங்களில் வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதுங்கள். பெயரையும் முன்பே தேடிப் பாருங்கள், ஏற்கெனவே வேறோர் எழுத்துருவுக்கு இருக்கக் கூடாது. பெயரில் உள்ள எழுத்துகள் உங்கள் எழுத்துருவிலேயே அழகாக அமைந்தால் இன்னும் நல்லது. இலத்தீன் அல்லாத எழுத்துமுறைகளுக்காக ஆர்மீனியாவில் தொடங்கிய கிரான்ஷான் போட்டிக்கும் அனுப்பலாம்.

மாணவர் வேலையை யார் மதிப்பார்கள் என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். ஐஐடி மும்பையின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி-யில் படித்தபோது உதயகுமார் தர்மலிங்கம் ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துருவை மாணவர் திட்டமாக வரைந்தார். 2010-இல் இந்திய ரூபாய்க்கு ஏற்கப்பட்ட குறியை வடிவமைத்தவர் அவரே. எழுத்துரு வரைந்ததால்தான் அது வந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஒரு கோட்டை எங்கே வெட்டினால் எழுத்து நிற்கும் என்று மாதக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் வேறு வேலைகளுக்கும் உதவுகிறது என்பதை மட்டும் என் மாணவர்களிடம் நேரில் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, ஆங்கில எழுத்துகளையும் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி. தமிழ் 120 வடிவங்களும் முடிந்து, நான்கு கருவிகளிலும் சோதித்து, மேலே சொன்ன நான்கைந்து பேரிடமிருந்து பிழைப்பட்டியல் வந்து திருத்திய பிறகும் மூன்று வாரங்கள் மிஞ்சினால் பெரிய எழுத்துகள் 26-ஐ மட்டும் சேருங்கள். மிஞ்சாவிட்டால் அவை அடுத்த பதிப்பில் வரட்டும். இப்போதைக்கு ண, ழ, கூ, மு ஆகிய நான்கையும் ஒரே தாளில் வரைந்து பதிவிடுங்கள். கனம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.